வளையலைக் கழட்டிட்டியா கண்ணு?

முதல்ல ஒரு கேள்வி. ஓம் விதியை நீங்க எத்தனை தடவை எழுதியிருப்பீங்க? பிளஸ் டூவில ஒரு தடவை, ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு தடவை, லேப் ரெக்கார்டுல நாலு தடவை, வைவாவுல திக்கித் திணறி ஒரு தடவை... நானும் அப்படித்தான். ட்ரிபிள் ஈ படிச்சேன். ஃபர்ஸ்ட் கிளாஸ் வித் டிஸ்டிங்ஷன். அந்த மார்க் ஷீட்டை நீட்டித்தான் பேங்க் லோன் வாங்கினேன், அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனேன்.

அப்பேர்ப்பட்ட நான், ஒரு பழைய வண்டியில இருந்த ரெண்டே ரெண்டு பேட்டரி முன்னாடி முழிச்சுக்கிட்டு நின்ன கதை இது. சிரிச்சுக்கோங்க, பரவாயில்லை. ஆனா கடைசி வரைக்கும் படிங்க. நாளைக்கு உங்க பைக்கோ, வீட்டு இன்வெர்ட்டரோ மக்கர் பண்ணும்போது இது உதவும்.

நான் போய்ச் சேர்ந்தது அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் பக்கத்துல ஓர் ஊர். 2021 ஆகஸ்ட். பக்கத்து ஃபிளாட்ல 72 வயசு அம்மா ஒருத்தர் தனியா இருந்தார். ஸ்கூல் டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவர். கணவர் இறந்துட்டார். அவர் விட்டுட்டுப் போனதுல இந்த அம்மா உயிரையே வச்சிருந்தது ஒரு மோட்டார் ஹோம் மேல. 1994 மாடல், ஃபோர்டு ஈ-350 சேஸி.

மோட்டார் ஹோம்னா என்னன்னு கேட்கறவங்களுக்கு: நம்ம ஊர் மினி பஸ் சைஸ்ல ஒரு வண்டி. உள்ளே கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம், குளிருக்கு கேஸ் ஹீட்டர் எல்லாம் இருக்கும். ஓட்டிக்கிட்டுப் போய் பிடிச்ச இடத்துல நிறுத்தினா அதுதான் வீடு. அங்கே இதை ஆர்.வி.ன்னு சொல்வாங்க.

ஒவ்வொரு குளிர்காலமும் இந்த அம்மா அதை எடுத்துக்கிட்டு குவார்ட்சைட் போவார். ஃபீனிக்ஸுக்கு மேற்கே ரெண்டு மணி நேரப் பாலைவனம். மற்ற மாசத்துல அது சின்ன ஊர். ஜனவரி வந்தா ஆயிரக்கணக்கான ஆர்.வி. வந்து நிற்கும். அரசாங்க நிலத்துல, கரன்ட் கனெக்‌ஷன் எதுவும் இல்லாம, கல்லும் கள்ளிச்செடியும் நடுவுல கூட்டம் கூட்டமா முகாம் போடுவாங்க. கணவரோட வருஷா வருஷம் போன இடம். அதனால அவருக்கு அது டூர் இல்லை, கிட்டத்தட்ட திவசம் மாதிரி.

நான் செஞ்ச முதல் தப்பு

2022 நவம்பர்ல ஒருநாள் அந்த அம்மா என்னைக் கேட்டார். “நீ எலெக்ட்ரிகல் தானே? என் வண்டியில ராத்திரி ஒன்பது மணிக்கே லைட் மங்கிடுது. என்னவா இருக்கும்?”

நான் ஒரு செகண்ட்கூட யோசிக்கலை. “பேட்டரி பழசாகி இருக்கும். மாத்திடுங்க.”

அவர் என்னை நம்பினார். 130 டாலர் கொடுத்துப் புது பேட்டரி போட்டார். டிசம்பர் முதல் வாரம் தெம்பா கிளம்பிப் போனார்.

மறுநாள் மத்தியானமே திரும்பி வந்துட்டார். முகம் வெளுத்துப் போயிருந்தது. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹீட்டர் வெறும் குளிர்ந்த காத்தை ஊத ஆரம்பிச்சிருக்கு. வெளியே 5 டிகிரிக்கும் கீழே. அதைவிட மோசம், அவருக்குத் தூக்கத்துல மூச்சு தடைபடற பிரச்னை உண்டு. ராத்திரி முகத்துல மாட்டிக்கற காத்து மெஷின் அந்த பேட்டரியிலதான் ஓடும். அதுவும் நின்னு போச்சு. விடியற வரைக்கும் போர்வையைச் சுத்திக்கிட்டு உட்கார்ந்தே இருந்திருக்கார்.

என்னைத் திட்டலை. ஒரு வார்த்தை சொல்லலை. “என் பையன் ரெண்டு வருஷமா வித்துடச் சொல்றான். அவன் சொல்றதுதான் சரி போல”ன்னு மட்டும் சொல்லிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டார்.

திட்டியிருந்தா தூங்கியிருப்பேன். அன்னிக்குத் தூக்கமே வரலை. 

அப்பாவுக்கு ஒரு போன்

இப்ப எங்க அப்பாவைப் பத்திச் சொல்லணும். எங்க ஊர் கரூர். பஸ் பாடி கட்டறதுக்குப் பேர் போன ஊர். அப்பா அங்கே ஆட்டோ எலெக்ட்ரீஷியன். பாடி கட்டின பஸ்ஸுக்கு ஒயரிங் இழுக்கறது, செல்ஃப் எடுக்காத லாரியைப் பார்க்கறது, பேட்டரி சார்ஜ் போடறது... எல்லாச் சட்டையிலயும் ஆசிட் பட்டு ஓட்டை ஓட்டையா இருக்கும்.

ஆறாவது படிக்கற வரைக்கும் ஸ்கூல் விட்டதும் நேரா கடைக்குத்தான் போவேன். அப்புறம் ஒருநாள், “பெரிய பொண்ணாயிட்டே. இனிமே கடைப் பக்கம் வர வேண்டாம் அம்மிணி. நல்லாப் படி. இந்த ஆசிட் வாடை என்னோட போகட்டும்”னு சொல்லிட்டார். எனக்குச் சரியான கோபம். அந்தக் கோபம் எப்போ கூச்சமா மாறிச்சுன்னு தெரியலை. காலேஜ்ல யாராவது “அப்பா என்ன பண்றார்?”னு கேட்டா, “பிசினஸ்”னு சொல்லிட்டுப் பேச்சை மாத்திடுவேன். உங்கள்ல எத்தனை பேர் இப்படி மாத்தியிருக்கீங்க? கை தூக்க வேண்டாம். மனசுக்குள்ள தூக்கினா போதும்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. கரூர்ல ராத்திரி எட்டரை. வண்டி நிறுத்தற யார்டுல இருந்து வீடியோ கால் போட்டேன். எல்லாத்தையும் கொட்டினேன். அப்பா பொறுமையா கேட்டுட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“மீட்டர் வச்சுப் பாத்தியா கண்ணு?”

“இல்லீங்கப்பா.”

“அப்புறம் எப்படி பேட்டரி போச்சுன்னு சொன்னே?”

என்கிட்ட பதில் இல்லை. நாலு வருஷம் ட்ரிபிள் ஈ, ஒண்ணரை வருஷம் எம்.எஸ். பதில் இல்லை!

“சரி விடு. மொதல்ல வளையலைக் கழட்டு. ஸ்பேனரும் வளையலும் பேட்டரிக்கு நடுவுல ஒண்ணா பட்டுச்சுன்னா வளையல் பழுத்துடும், கை வெந்துடும். முடியை இறுக்கிக் கட்டிக்கோ, ஃபேன் பெல்ட் பக்கம் போறே. ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்கு கட்டை வச்சுட்டு வா.”

பாட்டி போட்டுவிட்ட ரெண்டு வளையல். கழட்டி பாக்கெட்டுல போட்டேன்.

ரெண்டு பேட்டரி எதுக்கு?

“நம்ம பஸ்ல ரெண்டு பேட்டரி இருக்கும். ரெண்டு பன்னெண்டு வோல்ட்டையும் சீரிஸ்ல போட்டு இருபத்துநாலு எடுப்போம். இதுலயும் அப்படியா?”ன்னு அப்பா கேட்டார்.

இல்லை. இங்கேதான் மோட்டார் ஹோம் வித்தியாசப்படுது. இதுல ரெண்டுமே 12 வோல்ட், ஆனா வேற வேற வேலை. ஒண்ணு பானெட்டுக்குக் கீழே: இன்ஜினை ஸ்டார்ட் பண்ண மட்டும். சில செகண்ட் நேரத்துக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் கொடுக்கணும். அதனால உள்ளே மெல்லிசா நிறைய தகடுகள். இன்னொண்ணு படிக்கட்டுக்குக் கீழே: வீட்டுக்கு. லைட், ஹீட்டர் ஃபேன், தண்ணி பம்ப் எல்லாத்துக்கும் மணிக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா கொடுக்கணும். அதுக்குத் தடிமனான தகடு. ரெண்டும் ஈய-அமில பேட்டரிதான். 1859-ல பிரான்ஸ்ல காஸ்டன் பிளான்டே கண்டுபிடிச்ச அதே சமாசாரம்.

வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் (நம்ம மெக்கானிக் பாஷையில டைனமோ) ரெண்டையும் சார்ஜ் பண்ணணும். அதனால ஓடும்போது ரெண்டும் சேர்ந்திருக்கணும். வண்டியை நிறுத்தின உடனே பிரிஞ்சிடணும். இல்லைன்னா ராத்திரி லைட் எரிச்ச பாவத்துக்குக் காலையில இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. இந்தச் சேர்க்கற, பிரிக்கற வேலையைச் செய்யறது ஐசொலேட்டர். பழைய வண்டிகள்ல பெரும்பாலும் அது ஒரு சாலினாய்டு, அதாவது பெரிய சைஸ் ரிலே. சாவியைத் திருப்பினா ‘டக்’ன்னு சேர்க்கும்.

ஆக, வர்ற நோய் முக்கியமா ரெண்டு வகை. சேர வேண்டிய நேரத்துல சேராம இருக்கறது. பிரிய வேண்டிய நேரத்துல பிரியாம இருக்கறது. 

“அப்படின்னா சுலபம். நாலு நம்பர் எழுது”ன்னார் அப்பா.

நாலு நம்பர்

இன்ஜின் ஆஃப்ல ரெண்டு பேட்டரியோட வோல்டேஜ். இன்ஜின் ஓடும்போது ரெண்டோட வோல்டேஜ். மொத்தம் நாலு நம்பர், அவ்வளவுதான். நோட்டுல எழுதினேன்.

இன்ஜின் ஆஃப்: இன்ஜின் பேட்டரி 12.6, வீட்டு பேட்டரி 12.1.

இன்ஜின் ஆன்: இன்ஜின் பேட்டரி 14.2, வீட்டு பேட்டரி 12.1.

கொஞ்சம் உத்துப் பாருங்க. சும்மா இருக்கற ஈய-அமில பேட்டரி 12.6 அல்லது 12.7 காட்டினா ஃபுல். 12.2-ன்னா ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டி ஏறினா, ஆல்டர்னேட்டர் நல்லா இருக்கு. இங்கே இன்ஜின் பேட்டரி 14.2-க்கு ஏறிடுச்சு. வீட்டு பேட்டரி அசையவே இல்லை. அதாவது அஞ்சு மணி நேரம் ஓட்டினாலும் அதுக்கு ஒரு சொட்டு சார்ஜ் போகலை!

இன்ஜின் பேட்டரியும் 12.5-லயே நின்னிருந்தா? ஆல்டர்னேட்டரைச் சந்தேகப்படணும். ஆஃப்லயும் ஆன்லயும் ரெண்டும் எப்பவும் ஒரே நம்பர் காட்டி, ராத்திரி லைட் போட்டா ரெண்டும் சேர்ந்தே இறங்கினா? சாலினாய்டு ஒட்டிக்கிச்சு, பிரிய மாட்டேங்குதுன்னு அர்த்தம். நாலே நம்பர்ல பாதி வண்டியைத் தள்ளி வச்சுடலாம்.

எனக்கு இன்னொரு சந்தேகம். இத்தனை வருஷம் எப்படி ஓடிச்சு? அந்த அம்மாவைக் கேட்டேன். முன்னெல்லாம் கரன்ட் பிளக் இருக்கற காசு கட்டற கேம்ப்லயும், பையன் வீட்டு வாசல்லயும் நிறுத்துவாராம். பிளக்கைச் சொருகினா வண்டிக்குள்ள இருக்கற கன்வர்ட்டர் 120 வோல்ட்டை 12 வோல்ட்டா மாத்தி வீட்டு பேட்டரியைச் சார்ஜ் பண்ணிடும். இந்த வருஷம் பிளக் இல்லாத யார்டுக்கு மாத்திட்டார். நோய் பழசு. அதை மூடி வச்சிருந்த பிளக் போனதும் வெளியே தெரிஞ்சிடுச்சு.

ரெண்டாவது தப்பு

சாவியைத் திருப்பினா சாலினாய்டுல ‘டக்’ சத்தம் வந்தது. “சத்தம் வருதுங்கப்பா, அப்ப அது நல்லாத்தான் இருக்கு.”

“சத்தத்தை நம்பாதே. ரெண்டு பெரிய போல்ட்டுக்கு நடுவுல மீட்டர் வை.”

இன்ஜின் ஓடிக்கிட்டிருக்கு. வச்சேன். 2.1 வோல்ட். நல்ல ஸ்விட்சுக்கு நடுவுல கிட்டத்தட்ட பூஜ்யம்தானே வரணும்? உள்ளே தாமிரக் கான்டாக்ட் தீஞ்சு போயிருக்கு. வாய் மட்டும் அசையுது, வார்த்தை வரலை!

எனக்கு ஒரே குஷி. போனை வச்சுட்டு பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஓடினேன். அச்சு அசல் அதே மாதிரி ஒண்ணு, 20 டாலர், என் சொந்தக் காசு. மாட்டினேன். வீட்டு பேட்டரி வோல்டேஜ் ஏறிச்சு! ஸ்கிரீன்ஷாட் எடுத்து அப்பாவுக்கு அனுப்பற நேரத்துல ஒரு கருகல் வாடை. இருபது நிமிஷம்தான். தொட்டா கை சுட்டுடுச்சு.

திரும்பவும் போன். தூங்கப் போனவரை எழுப்பினேன். “காயில் எத்தனை ஓம்னு பாத்தியா?”ன்னார். சூடு ஆறினதும் பார்த்தேன். 4 ஓம். கழட்டிப் போட்ட பழைய சாலினாய்டோட காயில்? 16 ஓம்.

இப்ப நீங்களே போடுங்க கணக்கை. 14 வோல்ட்டை 4 ஓம்ல வகுத்தா 3.5 ஆம்பியர். கிட்டத்தட்ட 49 வாட் சூடு. ஒரு சாலிடரிங் அயர்னை உள்ளே வச்ச மாதிரி. 16 ஓம்னா ஒரு ஆம்பியருக்கும் குறைவு, 12 வாட்தான். நான் வாங்கினது ஸ்டார்ட்டருக்குப் போடற சாலினாய்டு. சில செகண்ட் மட்டும் வேலை செய்யறதுக்குப் பிறந்தது. எனக்கு வேண்டியது மணிக்கணக்கா ஆன்லயே இருக்கற ‘கன்டின்யுவஸ் டியூட்டி’ ரகம். வெளியே பார்த்தா ரெண்டும் இரட்டைப் பிள்ளைங்க.

1827-ல ஜார்ஜ் ஓம் எழுதி வச்சதை நான் பரீட்சையில எழுதியிருக்கேன். கடை கவுன்ட்டர்ல நின்னு எழுதலை. அதான் வித்தியாசம்.

எர்த்து தாம்மா!

அடுத்த சனிக்கிழமை சரியான சாலினாய்டு வந்தது. கடையிலயே மீட்டர் வச்சு 16 ஓம் பார்த்துட்டுத்தான் காசு கொடுத்தேன். மாட்டினேன். சூடு லேசாத்தான். ஆனா நாலு நம்பர்ல கடைசி நம்பர் இடிச்சுது. இன்ஜின் பேட்டரி 14.2, வீட்டு பேட்டரி 13.1. நடுவுல 1.1 வோல்ட் காணோம்!

“ஒயர் மெல்லிசா இருக்குமோ?”ன்னு ஆரம்பிச்சேன். அப்பா சிரிச்சார். “மறுபடியும் ஆரூடம் சொல்றே பாத்தியா? நீளமா ஒரு ஒயரை மீட்டரோட சேத்துக்கோ. இந்த பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து அந்த பேட்டரி பாசிட்டிவுக்கு வை. அப்புறம் நெகட்டிவ்ல இருந்து நெகட்டிவுக்கு வை. வண்டி ஓடிக்கிட்டே இருக்கணும்.”

பாசிட்டிவ் பக்கம் 0.2 வோல்ட். நெகட்டிவ் பக்கம் 0.9. கூட்டினா 1.1. காணாமப் போன வோல்டேஜ் கணக்கு அப்படியே டாலி! கிர்ச்சாஃப் வோல்டேஜ் விதி கண்ணு முன்னாடி நின்னு வணக்கம் சொல்லிச்சு.

“எர்த்து தாம்மா! எங்கிட்ட வர்ற பஸ்ஸுல முக்காவாசி எர்த்து தான். பாடியில எங்க போல்ட் போட்டிருக்கான் பாரு.”

படிக்கட்டுக்குக் கீழே படுத்துக்கிட்டுப் பார்த்தேன். வீட்டு பேட்டரியோட நெகட்டிவ் ஒயர் சேஸியில ஒரு போல்ட்ல முடியுது. 28 வருஷத் துரு. பெயின்ட் மேலயே லக்கை வச்சு முறுக்கியிருந்தாங்க. நெகட்டிவை முதல்ல கழட்டி, சேஸி பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சு, புது லக் போட்டு இறுக்கி, மேல கிரீஸ் தடவினேன். 0.9 போய் 0.1 ஆச்சு. வீட்டு பேட்டரியில 13.9.

இதுல எனக்கு மறக்காத ஒரு பாடம் இருக்கு. வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி லேப்ல இருந்து கடன் வாங்கின கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். 18 ஆம்பியர் ஓடிச்சு. 0.9-ஐ 18-ஆல வகுத்தா 0.05 ஓம்! சாதாரண மீட்டர்ல ஓம் வச்சுப் பார்த்திருந்தா, மீட்டர் ஒயரோட சொந்த ரெசிஸ்டன்ஸே இதைவிட அதிகம். ‘எல்லாம் ஓகே’ன்னு சொல்லியிருக்கும். கரன்ட் ஓடும்போதுதான் அந்தத் துரு தன் வேலையைக் காட்டும். முதல் நாள் நான் எர்த்தைப் பார்த்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது. ஏன்னா தீஞ்சு போன சாலினாய்டு வழியா கரன்ட்டே ஓடலை. ஒரு நோய்க்குப் பின்னாடி இன்னொரு நோய் ஒளிஞ்சிருந்தது.

பாலைவனத்துல ஒரு ராத்திரி

வேலை முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்பா விடலை. “ராத்திரி முழுக்கத் தாங்குமான்னு கணக்குப் போட்டியா? அந்தம்மா மூச்சு அதுலதான் இருக்கு.”

போட்டேன். ஹீட்டர் ஃபேன் 7 ஆம்பியர். பத்து மணி நேரத்துல பாதி நேரம் ஓடினா 35 ஆம்பியர்-அவர். மூச்சு மெஷின் 1.5 ஆம்பியர், எட்டு மணி நேரம், 12. மொத்தம் 47. பேட்டரி 80 ஆம்பியர்-அவர். ஆனா ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினா ஆயுசு குறையும். அதனால கையில இருக்கறது 40-தான். எல்லாம் சரி பண்ணின பிறகும் பத்தலை!

ஹீட்டர் ஏன் குளிர்ந்த காத்து ஊதிச்சுன்னும் அப்பத்தான் புரிஞ்சுது. ஃபேன் போதுமான வேகத்துல ஊதினாத்தான் அந்தக் காத்து ஒரு சின்னத் தகட்டைத் தள்ளி ஸ்விட்சை மூடும். அப்புறம்தான் கேஸ் திறக்கும். வோல்டேஜ் குறைஞ்சா ஃபேன் மெதுவாயிடும், ஸ்விட்ச் மூடாது, நெருப்பு வராது. ஃபேன் மட்டும் ஓடி மிச்ச பேட்டரியையும் தின்னுடும்.

இந்தக் கணக்கை அந்த அம்மாகிட்ட ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். கூடவே, “நவம்பர்ல நான் பார்க்காமலே சொல்லிட்டேன். என் தப்பு. ஸாரி”ன்னும் சொன்னேன். இத்தனை நாள் அதைச் சொல்லாம இருந்ததுதான் பெரிய பாரம். அவர் தாளை டீச்சர் மாதிரியே மேலும் கீழும் படிச்சார். “ஹீட்டரைக் குறைச்சு வச்சா? மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஓடும்னு வச்சுக்கோ”ன்னார். 23-உம் 12-உம் 35. தாங்கும்! “என் வீட்டுக்காரரோட கம்பளி இருக்கு. அது போதும்”ன்னு சிரிச்சார்.

2023 ஜனவரி. நானும் கூடப் போனேன். ராத்திரி பத்து மணிக்கு 12.6. அவர் தூங்கிட்டார். அந்த மெஷின் ‘உஸ்... உஸ்...’ன்னு மூச்சு விட்டுக்கிட்டிருந்தது. நான் தூங்கலை. பன்னெண்டு மணிக்கு, ரெண்டு மணிக்கு, நாலு மணிக்குன்னு மீட்டரைத் தூக்கிக்கிட்டு எழுந்தேன். ரெண்டு மணி தாண்டினப்பதான் எனக்கே மூச்சு வந்தது. காலையில 12.2. கணக்கு போட்ட மாதிரியே பாதி. இன்ஜின் பேட்டரி 12.6, ஒரு புள்ளிகூட குறையலை. சாவியைத் திருப்பினார். ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட்!

அங்கிருந்தே அப்பாவுக்கு நம்பரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் லைன்ல சத்தமே இல்லை. அப்புறம், “ஊருக்கு வரும்போது கடைக்கு வா. ஒரு வண்டி எர்த் பிரச்னை, ரெண்டு மாசமா எனக்கே பிடிபடலை. சேந்து பாப்போம்”னார்.

ஆறாவதுல மூடின கதவு அது.

உங்களுக்கு நாலு வார்த்தை

மோட்டார் ஹோம் உங்ககிட்ட இல்லாம இருக்கலாம். ஆனா பேட்டரி இல்லாத வீடு இப்ப ஏது? அதனால சுருக்கமா சொல்லிடறேன். மாத்தறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. சார்ஜ் ஆகற பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வரும், பக்கத்துல நெருப்பு கூடாது. ரெண்டு பேட்டரிக்கு நடுவுல போற தடிமனான ஒயருக்கு ரெண்டு முனையிலயும் பியூஸோ பிரேக்கரோ கட்டாயம். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு வண்டியில இருக்கற கேஸ் அலாரத்தைக் கழட்டாதீங்க. இந்த வண்டியில அது எடுத்தது 0.1 ஆம்பியர், ஒரு நாளைக்கு 2.4 ஆம்பியர்-அவர்தான். உயிருக்கு முன்னாடி அது ஒண்ணுமே இல்லை. சார்ஜ் ஏறட்டும்னு இன்ஜினை ஓடவிட்டு உள்ளே தூங்கவே தூங்காதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. அப்புறம், இப்போ எல்லாரும் லித்தியம் லித்தியம்கறாங்க. பழைய வண்டியில அப்படியே தூக்கிப் போட்டா அது இழுக்கற கரன்ட்ல ஆல்டர்னேட்டர் சூடாகிப் போகலாம். நடுவுல டி.சி.-டி.சி. சார்ஜர் வேணும்.

2023 ஜூன்ல கரூர் போனேன். காலையில ஒன்பதரைக்கு அப்பா ஷட்டரைத் தூக்கினார். அதே ஆசிட் வாடை. பக்கத்துக் கடைக்காரர் டீ கிளாஸோட எட்டிப் பார்த்து, “யாருங்கண்ணா, பாப்பாவா?”ன்னு கேட்டார். 

“என்ற பொண்ணு. வேலைக்கு வந்திருக்கு”ன்னார் அப்பா. என் பக்கம் திரும்பினார். “வளையலைக் கழட்டிட்டியா கண்ணு?”

வீட்டுலயே கழட்டி வச்சுட்டுத்தான் கிளம்பியிருந்தேன்.